ஃபார்மட் பண்ணி விண்டோஸ் 11 போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தினர், பழைய அலுவலக நண்பர்கள் என்று யாராவது ஒருவர் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எழுதியது இது. விண்டோஸ் போடுவது அரைமணி நேர வேலை. அதற்கு முந்தைய நாள் உட்கார்ந்து எதையெல்லாம் எடுத்து வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதனால் அந்தப் பகுதி நீளமாகத்தான் இருக்கும்.

ஃபார்மட் பண்ணியே ஆக வேண்டுமா? அப்டேட் கொடுத்தால் போதாதா?

பல பேருக்குப் போதும். கணினி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்து, விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே 11-ஐ இறக்கிக்கொள்ளச் சொல்கிறது என்றால், அப்படியே ஏற்றிக்கொள்ளுங்கள். மென்பொருள்களும் ஃபைல்களும் இருந்த இடத்தில் இருக்கும்.

சில இடங்களில் வேறு வழியில்லை. இப்போது இருப்பது 32-பிட் விண்டோஸ் என்றால் அதன்மேல் 11 ஏறாது. 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 7, 8.1-இலிருந்தும் ஃபைல், மென்பொருள் எல்லாவற்றோடும் நேராக 11-க்கு வர முடியாது. பழைய ஹார்டுடிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டுகிறீர்கள், வைரஸ் புகுந்துவிட்டது, யாரோ பயன்படுத்திய லேப்டாப்பை வாங்கியிருக்கிறீர்கள் என்றாலும் துடைத்துவிட்டுப் போடுவதே நல்லது. இன்னொன்று, செட்டிங்ஸில் இருக்கும் 'ரீசெட் திஸ் பிசி' இதற்கு உதவாது. அது விண்டோஸ் 10-ஐயே புதிதாக்கித் தருமே தவிர 11-ஐத் தராது.

என் கம்ப்யூட்டருக்கு 11 ஏறுமா?

4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்பதெல்லாம் பெரும்பாலும் இருக்கும். தடுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று ப்ராசஸர்: இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். இன்னொன்று டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற சின்ன மென்பொருளை ஓட்டினால் எது இல்லை என்று சொல்லிவிடும்.

டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே மனம் உடைய வேண்டாம். ப்ராசஸர் தகுதியான தலைமுறைதான் என்றால், டிபிஎம் பெரும்பாலும் உள்ளே அணைந்து கிடக்கும். பயாஸுக்குள் (விண்டோஸ் வரும் முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) போய்ப் பார்த்தால் இன்டெல் போர்டுகளில் 'பிடிடி' என்றும், ஏஎம்டி போர்டுகளில் 'எஃப்டிபிஎம்' என்றும் இருக்கும். இயக்கிவிட்டால் முடிந்தது. அதற்கு முன்னால் கீழே, டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதி பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

ஏறாது என்றே வந்துவிட்டது. ரூஃபஸ் வைத்து ஏமாற்றிப் போடலாம் என்கிறார்களே?

போடலாம். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில், விண்டோஸ் போடுவதற்கான பென்டிரைவைத் தயாரிக்கும்போதே டிபிஎம், செக்யூர் பூட், ரேம் சோதனைகளை நீக்கும் வசதி இருக்கிறது. ஆனால் தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் தரும் கடமை தங்களுக்கு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 (2024-இல் வந்த) பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் தெரியாத மிகப் பழைய ப்ராசஸர்களில் எந்தத் தந்திரம் செய்தாலும் பூட் ஆகாது.

என் கருத்தைக் கேட்டால்: வீட்டில் பாட்டுக் கேட்கவும் யூடியூப் பார்க்கவும் என்றால் ஏமாற்றிப் போட்டுப் பாருங்கள், நஷ்டமில்லை. கடைக் கணக்கு, வங்கி வேலை நடக்கும் கணினியில் வேண்டாம். அதற்கு விண்டோஸ் 10-க்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேரலாம். தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். இல்லையென்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட். பிரவுசரோடு முடிந்துபோகும் வேலைக்கு அது தாராளம்.

லைசென்ஸ் போய்விடுமா? கீ எதுவும் கையில் இல்லையே?

போகாது. நியாயமாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 என்றால், உங்கள் மதர்போர்டின் அடையாளத்தோடு சேர்த்து மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கும். கீ கேட்கும்போது 'என்னிடம் கீ இல்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்பு ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ. இதை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். இன்டர்நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். டிஸ்க், ரேம் மாற்றினாலும் பிரச்சினையில்லை, மதர்போர்டு மாறினால்தான் சிக்கல். கடையில் விண்டோஸோடு வாங்கிய லேப்டாப்களில் கீ பயாஸுக்குள்ளேயே இருக்கும். இன்ஸ்டாலர் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளும்.

'நியாயமாக' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருந்தால் நல்லது. வீட்டுக் கணினியில் 'யுவர் ஆர்கனைசேஷன்ஸ் ஆக்டிவேஷன் சர்வீஸ்' என்று இருந்தால், அசெம்பிள் செய்தவர் ஏதோ ஆக்டிவேட்டரை ஓட்டிக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அது ஃபார்மட்டோடு போய்விடும்.

டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எடுத்தால் போதாதா?

போதாது. இழந்த பிறகு புலம்புகிறவர்கள் எல்லோரும் இந்த மூன்றையும் ஒழுங்காக எடுத்து வைத்தவர்கள்தான்.

பிரவுசர் பாஸ்வேர்டுகளில் தொடங்குங்கள். குரோமின் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து வைத்தால் புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது. அவை உங்கள் பழைய விண்டோஸ் கணக்கைச் சாவியாக வைத்துப் பூட்டப்பட்டவை. அந்தக் கணக்கே அழிந்த பிறகு திறக்க வழியில்லை. கூகுள் கணக்கில் சிங்க் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்து எடுங்கள். அந்த ஃபைலை எவரும் திறந்து படிக்கலாம் என்பதால் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

அவுட்லுக் பயன்படுத்துகிறவர்கள் மெயில்கள் சேமிக்கப்பட்டிருக்கும் பிஎஸ்டி ஃபைலைத் தேடி எடுக்க வேண்டும். சில சமயம் அது டாக்குமென்ட்ஸுக்குள் இருக்கும், பழைய அமைப்பு என்றால் மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும். கணக்கு மென்பொருளான டாலி ஓடுகிறதா? டேட்டா எந்தப் பாதையில் இருக்கிறது என்று டாலிக்குள்ளேயே பார்த்து அந்த ஃபோல்டரை எடுங்கள். பல கடைகளில் அது சி டிரைவில் டாலியின் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே கிடக்கும், டாக்குமென்ட்ஸ் பக்கமே வராது. டாலி லைசென்ஸ் அந்தக் கணினியோடு கட்டப்பட்டது, எனவே ஃபார்மட்டுக்கு முன் சரண்டர் செய்துவிடுங்கள். இத்தனை கணினிக்குத்தான் என்று கணக்கு வைத்திருக்கும் மற்ற மென்பொருள்களிலும் சைன் அவுட் செய்துவிடுவது நல்லது. டிஜிட்டல் கையெழுத்து யூஎஸ்பி டோக்கனில் இருந்தால் அது பத்திரம், டிரைவர் மட்டும் திரும்பப் போட வேண்டும்.

ஒன்டிரைவில் ஒரு பொறி உண்டு. ஃபைல் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அது உங்கள் டிஸ்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதனால் காப்பி செய்யும்போது இன்டர்நெட் இருக்க வேண்டும். ஸ்டிக்கி நோட்ஸில் எழுதி வைத்தவற்றையும் மறந்துவிடாதீர்கள். ஒரு வீட்டில் கேஸ் நுகர்வோர் எண்ணிலிருந்து பேரன் ஜாதகம் வரை அந்த மஞ்சள் சீட்டில்தான் இருந்தது.

கடைசியாக, ஸ்டார்ட் மெனுவைத் திறந்து நிறுவியிருக்கும் மென்பொருள் பட்டியலை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்து வைத்தது எல்லாம் வெளி டிஸ்கில் திறக்கிறதா என்று இன்னொரு கணினியில் நாலு ஃபைலாவது திறந்து பாருங்கள். காப்பி ஆனது வேறு, திறப்பது வேறு.

பழைய தமிழ் ஃபைல்கள் ஃபார்மட்டுக்குப் பிறகு குப்பையாகத் தெரிகின்றன. ஏன்?

ஃபைல் கெடவில்லை. ஃபான்ட் போய்விட்டது. யூனிகோடுக்கு முன்னால் பாமினி, வானவில், ஸ்ரீலிபி, டாம், டாப் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறிமுறையில் ஓடின. பாமினி போன்றவற்றில், உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். அந்த இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருப்பது ஃபான்ட். அது இல்லாத கணினியில் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிறது.

தெரிந்தவர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் டிடிபி கடை வைத்திருக்கிறார். அவருக்கு விண்டோஸ் போட்டுக் கொடுத்தபோது பல வருடத்து வடிவமைப்புகளை எல்லாம் எடுத்து வைத்தேன். விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் எடுக்கவில்லை. மறுநாள் அவர் கூப்பிட்டு, "தம்பி, மாப்பிள்ளை பேர் கமாவும் புள்ளியுமா வருதுப்பா" என்றார். அந்த ஃபான்ட்களின் சிடி எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. நல்லவேளை, அவர் மருமகனின் கணினியில் அதே ஃபான்ட்கள் இருந்தன. அன்றிலிருந்து யாருக்குப் போட்டாலும் நான் முதலில் எடுப்பது ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத்தான். கூடவே என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை என்று எதில் தட்டச்சு செய்தார்களோ அதன் செட்டப் ஃபைலையும் எடுத்துவிடுவேன்.

யூனிகோடு ஃபைல்களில் எழுத்து உடையாது. ஆனால் லதா ஃபான்ட்டில் அமைத்த பழைய வேர்டு ஃபைல்களில் பக்கங்கள் தள்ளிப்போகலாம். லதாவும் விஜயாவும் இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பட்டியலில் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்று தனியாக இருக்கும். அதைச் சேர்த்துவிட்டால் பக்கங்கள் பழையபடி உட்காரும்.

பிட்லாக்கர் என்று 48 இலக்க எண் கேட்கிறது. அது எங்கே கிடைக்கும்?

லேப்டாப்களில் பல நேரம் நமக்குத் தெரியாமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் டிபிஎம்மைத் தொட்டால், செக்யூர் பூட்டை மாற்றினால், சந்தேகப்பட்டு அந்த எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பார்த்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும். எந்த மாற்றத்தையும் தொடங்கும் முன்பே அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்துவிடுங்கள். டி டிரைவும் பூட்டியிருந்தால், சி-யைத் துடைத்த பிறகு டி-யைத் திறக்க டி-க்கான தனி எண் வேண்டும்.

24எச்2 முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாகப் போடும் கணினிகளில் இந்தப் பூட்டு தானாகவே விழுகிறது. ஆகவே வேலை முடிந்ததும் புதிய எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டில் என்றால் காகித நோட்டில்.

பென்டிரைவை எப்படித் தயார் செய்வது?

8 ஜிபி பென்டிரைவ் போதும், அதில் இருப்பதெல்லாம் அழியும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் 11 பக்கத்தில் இருக்கும் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஓட்டினால், அதுவே தரவிறக்கி பென்டிரைவில் எழுதிவிடும். ஐஎஸ்ஓவை (விண்டோஸ் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கி, உள்ளே இருப்பதை இழுத்துப் போட்டால் வேலைக்காகாது. உள்ளே இருக்கும் பெரிய ஃபைல் 4 ஜிபிக்கு மேல் இருக்கும், ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆன பென்டிரைவ் அதை ஏற்காது. ஐஎஸ்ஓ வழியாகச் செய்ய விரும்பினால் ரூஃபஸைப் பயன்படுத்துங்கள். டெலிகிராமில் வரும் 'லைட்' பதிப்பு, 'கேமிங்' பதிப்பு எதையும் தொடாதீர்கள். உள்ளே யார் எதை வைத்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது.

பென்டிரைவிலிருந்து பூட் ஆகாமல் பழைய விண்டோஸே வருகிறதே?

இயக்கியவுடன் பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, அசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப், எம்எஸ்ஐயில் எஃப்11. ஷட் டவுன் கொடுப்பதைவிட ரீஸ்டார்ட் கொடுத்து முயலுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் முழு ஷட் டவுன் இல்லை. பட்டியலில் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை வந்தால் 'யூஇஎஃப்ஐ' (பயாஸின் புதிய வடிவம்) என்று முன்னால் போட்டிருப்பதை எடுங்கள்.

சி டிரைவை மட்டும் அழித்துவிட்டு டி, இ-யை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

முடியும். ஆனால் இந்த வேலையில் ஆபத்தான இடம் இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நம் ஊரில் கணினி வாங்கினால் ஒரே டிஸ்கை சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். பார்ப்பதற்கு மூன்று டிரைவ், உண்மையில் டிஸ்க் ஒன்று. இன்ஸ்டாலரில் டிஸ்க் தேர்ந்தெடுக்கும் திரையில் சி, டி என்ற எழுத்துகளே இருக்காது. 'டிஸ்க் 0 பார்ட்டிஷன் 3' என்பது போல வரும், பக்கத்தில் அளவு இருக்கும். ஆகவே விண்டோஸ் 10-இல் இருக்கும்போதே டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து ஒவ்வொன்றின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு பெயரும் வைத்துவிடுங்கள், அந்தப் பெயர் இன்ஸ்டாலரிலும் தெரியும். சி, அதோடு ஒட்டியிருக்கும் 100 எம்பி சிஸ்டம், 16 எம்பி எம்எஸ்ஆர், சில நூறு எம்பி ரிகவரி ஆகியவற்றை மட்டும் அழிக்கலாம். அழித்ததும் கிடைக்கும் காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தால் தேவையான பிரிவுகளை விண்டோஸே உண்டாக்கிக்கொள்ளும்.

இரண்டு தனித்தனி டிஸ்க் இருந்தால், தேவையில்லாததன் கேபிளைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் ஒரே அளவில் இரண்டு 1 டிபி ஹார்டுடிஸ்க் இருந்தன. கேபிளைக் கழற்றச் சோம்பல்பட்டு, டிஸ்க் 0-தான் விண்டோஸ் என்று நானே முடிவு செய்து அழித்தேன். அது போட்டோக்கள் இருந்த டிஸ்க். அழித்த நொடியே உறைத்தது. பவரை அணைத்துவிட்டேன். பார்ட்டிஷனை அழித்தால் உடனே போவது அட்டவணையில் இருக்கும் பதிவு மட்டும்தான், மேலே எதையும் எழுதாத வரை தரவு அங்கேயே இருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மீட்டேன். ஹார்டுடிஸ்க் என்பதால் பிழைத்தது. எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை டிஸ்கே உள்ளுக்குள் சுத்தம் செய்துவிடக்கூடும், அந்த அதிர்ஷ்டத்தை அங்கே நம்ப முடியாது.

'எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, இதில் போட முடியாது' என்கிறது. என்ன செய்வது?

பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க். யூஇஎஃப்ஐயில் பூட் செய்து போட ஜிபிடி முறை வேண்டும். எளிய வழி, அந்த டிஸ்கில் இருக்கும் எல்லாப் பிரிவுகளையும் அழித்து, டிஸ்கை ஜிபிடியாக மாற்றிவிட்டுப் போடுவது. டி, இ எல்லாமே சேர்ந்து போகும் என்பதால் முழு டிஸ்கையும் முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். பயாஸில் லெகசி (பழைய பயாஸ்) முறைக்கு மாற்றித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், 11 கேட்பதே யூஇஎஃப்ஐயைத்தான்.

டிஸ்க் பட்டியலே காலியாக இருக்கிறதே, எஸ்எஸ்டி போய்விட்டதா?

போகவில்லை. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், இன்ஸ்டாலருக்கு டிஸ்க் கண்ணில் படாமல் போவதுண்டு. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போடுங்கள். திரையில் 'லோட் டிரைவர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும்.

ரீஸ்டார்ட் ஆகி மறுபடியும் முதல் திரைக்கே வருகிறது!

பென்டிரைவைப் பிடுங்குங்கள். முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு அதற்கு வேலையில்லை.

இன்டர்நெட் இல்லாமல் நகர மாட்டேன் என்கிறது. வைஃபையும் காட்டவில்லை.

வைஃபை டிரைவர் இன்னும் ஏறவில்லை. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, போனில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். பெரும்பாலும் டிரைவர் கேட்காமலே இணைந்துவிடும். மைக்ரோசாஃப்ட் கணக்கைத் தவிர்க்கும் பழைய குறுக்கு வழிகளை அவர்கள் ஒவ்வொன்றாக அடைத்துவருகிறார்கள். ப்ரோ பதிப்பில் 'டொமைன் ஜாயின்' வழியாக லோக்கல் கணக்கு உண்டாக்கலாம். மின்னஞ்சல் கொடுத்து நுழைந்தால், யூசர்ஸ் ஃபோல்டருக்கு அந்த முகவரியின் முதல் 5 எழுத்துகளே பெயராகிவிடும். அரைகுறைப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மாற்ற முயலவும் வேண்டாம்.

டெஸ்க்டாப் வந்துவிட்டது. அப்புறம்?

விண்டோஸ் அப்டேட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள், இனி ஒன்றுமில்லை என்று சொல்லும் வரை. முக்கால்வாசி டிரைவர் அதிலேயே வந்துவிடும். விட்டுப்போனதை லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண் போட்டு எடுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வரும் எதுவும் வேண்டாம். ஆன்டிவைரஸுக்குக் காசு செலவழிக்கவும் வேண்டாம், உள்ளே இருக்கும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும்.

தமிழுக்கு, செட்டிங்ஸில் லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்து, கீபோர்டு பட்டியலில் தமிழ் 99, அஞ்சல், ஃபொனட்டிக் இவற்றில் பழக்கமானதை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸை அழுத்தினால் மாறும். முன்பு இதற்கென்றே தனி மென்பொருள் தேடி அலைந்த காலம் போய்விட்டது. பாமினியில் கை பழகியவர்களுக்கு மட்டும் என்எச்எம் ரைட்டர் இன்னும் தேவைப்படும்.

மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

எஸ்எஸ்டி என்றால் 20 முதல் 30 நிமிடத்தில் டெஸ்க்டாப் வந்துவிடும். ஹார்டுடிஸ்க் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் போகலாம், அதன் பிறகும் 11 நொண்டிக்கொண்டுதான் ஓடும். இன்னும் ஹார்டுடிஸ்கில் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இந்தச் சாக்கில் ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டிவிடுங்கள். பழைய டிஸ்க் அப்படியே கைபடாமல் பேக்கப்பாகவும் இருக்கும். மென்பொருள்கள், பிரிண்டர், கணக்கு எல்லாம் திரும்ப உட்கார ஒரு நாள் ஒதுக்குங்கள். மாதக் கடைசியிலோ ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் வாரத்திலோ மட்டும் தொடங்காதீர்கள்.

எடுத்து வைத்த பேக்கப்பை எப்போது அழிக்கலாம்?

ஒரு மாதமாவது விட்டுவையுங்கள். கடைக் கணினி என்றால் அடுத்த வருமான வரிக் கணக்கு முடியும் வரை. அந்த டிடிபி கடைக்காரருக்காக மருமகன் கணினியிலிருந்து எடுத்த ஃபான்ட்கள் என்னிடம் இன்னும் இருக்கின்றன, இதுவரை இரண்டு முறை வந்து வாங்கிப் போயிருக்கிறார்.